சென்ட்மெயில் அமைவுக் கோப்பில் ஒரே குறிக்கு ஏன் இத்தனை பொருள்?

கல்லூரி ஒன்றின் பழைய மின்னஞ்சல் சர்வரை அண்மையில் பொறுப்பேற்ற ஒருவர் கேட்டிருப்பது இது. அந்தச் சர்வரில் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் நிரலான சென்ட்மெயிலின் அமைவுக் கோப்பில் ஒரு வரியின் இரு பக்கமும் $@ என்ற குறியே இருக்கிறது. இடப்பக்கம் அதற்கு என்ன பொருள், வலப்பக்கம் என்ன பொருள்? $: என்பது சில வரிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கடைசியாக, துறைகளுக்கு வரும் கடிதங்களை அந்தந்தத் துறையின் அஞ்சல் கணினிக்குத் திருப்ப அவரே ஒரு வரியைச் சேர்த்தார். உடனே முடிவில்லாச் சுழல் என்ற பிழைச் செய்தி வந்தது. அது ஏன்?

எடுத்துக்காட்டுகளில் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். குறிகள் கோப்பில் இருப்பவைதாம். டேப் வரவேண்டிய இடத்தை → என்று காட்டியிருக்கிறேன்.

முதல் கேள்வியின் வரி இது:

ஆர்$@ → $@ <@>

இடப்பக்கம் உள்ள $@ ‘எதுவுமே இல்லாத முகவரி’ என்று பொருள்படும். வலப்பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள $@ ‘இதை எழுதிவிட்டு இந்த விதித்தொகுப்பிலிருந்து வெளியேறு’ என்று பொருள்படும். வரிசையாக முயலப்படும் விதிகளின் குழுவே விதித்தொகுப்பு. ஆக, வெற்று முகவரி வந்தால் அதை <@> என்ற அடையாளமாக மாற்றி உடனே திருப்பி அனுப்பு என்பதே வரியின் செய்தி. வெற்று முகவரி எங்கிருந்து வரும் என்று ஐயம் எழலாம். சேராமல் திரும்பும் கடிதங்களின் உறையில் அனுப்புநர் இடம் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. திரும்பிய கடிதமே மறுபடி திரும்பி, இரு சர்வர்கள் ஒன்றையொன்று முடிவில்லாமல் குறைசொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இந்தக் கோப்பில் ஒரு குறியின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. குறிகளின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வாசிப்பவர் அதனால்தான் தடுமாறுகிறார். இப்படி ஒரு மொழி ஏன் உருவானது என்பது தெரிந்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும். எரிக் ஆல்மன் 1979-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய டெலிவர்மெயில் நிரலில் அமைவு விவரங்கள் நிரலுக்குள்ளேயே பொதிந்திருந்தன. சிறு மாற்றத்துக்கும் நிரலை மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. அப்போது முகவரிகளும் ஒரே அச்சில் இல்லை. அன்றைய கணினி வலைகளில் ஒன்றான ஆர்ப்பாநெட்டில் @ குறி. யூயூசிபி வலையில் கணினிப் பெயர்களை ! குறியால் கோத்த நீண்ட பாதை, பெர்க்லியின் உள்வலையான பெர்க்நெட்டில் முக்காற்புள்ளி, இடைவழிக் கணினிகளுக்கு % குறி. ஒரே முகவரியில் ! குறியும் @ குறியும் சேர்ந்து வந்தால் எதை முதலில் பார்ப்பது என்பதில் ஊருக்கொரு வழக்கம் இருந்தது. ஆர்ப்பாநெட் புதிய நெறிமுறைகளுக்கு மாறிய அதே 1983-இல் வெளிவந்த சென்ட்மெயில், இந்த வழக்கங்களையெல்லாம் நிரலுக்கு வெளியே, வெறும் எழுத்துக் கோப்பில் விதிகளாக எழுத இடம் கொடுத்தது. நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு முழுவதையும் படிக்க வேண்டும். அன்றைய கணினிகளின் நினைவகமோ சிறிது. எனவே மனிதர் எளிதில் படிப்பதைவிட நிரல் எளிதில் படிப்பதே முதன்மை என்று முடிவு செய்தார்கள். அந்த மென்பொருளின் இயக்கக் கையேடே இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

வரிகளின் முதல் எழுத்து அந்த வரி என்ன வகை என்று சொல்லும். டி என்றால் ஒரு பெயருக்கு மதிப்பு, சி என்றால் ஒரு சொற்குழு, கே என்றால் தேடுபட்டியல், எச் என்றால் கடிதத் தலைப்பு, எம் என்றால் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் மெயிலர், எஸ் என்றால் புதிய விதித்தொகுப்பின் தொடக்கம், ஆர் என்றால் ஒரு விதி. ஓ என்பது விருப்பத்தேர்வு. அதில் ஒரு சிறு கண்ணி உண்டு. ஓ எழுத்தை அடுத்து இடைவெளி இருந்தால் முழுப் பெயர் வருகிறது என்று பொருள், இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த ஒற்றை எழுத்தே பழைய பாணித் தேர்வின் பெயர். இடைவெளியிலோ டேப்பிலோ தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. இவற்றுக்குமேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை. குழப்பம் முழுவதும் ஆர் வரிகளில்தான் இருக்கிறது.

விதியைப் படிக்குமுன் முகவரி எப்படித் துண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சென்ட்மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. புள்ளி, @, %, !, முக்காற்புள்ளி போன்ற பிரிகுறிகளும் கோண அடைப்புகளும் தாமே தனித் துண்டுகள். எனவே மணி@இயற்பியல்.கல்லூரி என்பது ஐந்து துண்டுகள்: மணி, @, இயற்பியல், புள்ளி, கல்லூரி. இடைக்கோடு பிரிகுறி அன்று; ஆகவே பழைய-விடுதி என்பது ஒரே துண்டு. விதியில் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் வேறுபாடு இல்லை.

இடப்பக்கத்தில் $* என்பது எத்தனை துண்டுகளுக்கும் பொருந்தும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்தும். $+ குறைந்தது ஒரு துண்டு. $- சரியாக ஒரே ஒரு துண்டு. $= என்பதற்குப் பின் ஒரு சொற்குழுவின் பெயர் வந்தால் அந்தக் குழுவில் உள்ளது, $~ வந்தால் குழுவில் இல்லாதது. புதியவர்கள் $- @ $- என்று எழுதிவிட்டு ஏன் எந்த முகவரிக்கும் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. புள்ளி உள்ள கணினிப் பெயர் குறைந்தது மூன்று துண்டு என்பதை நினைவில் கொண்டால் விடை கிடைத்துவிடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் எழுத்துத் தேடல் வடிவங்கள் பழகியவர்களுக்கு இன்னொரு இடறல்: அங்கே நட்சத்திரக் குறி முடிந்தவரை அதிகமாக விழுங்கும், இங்கே $* , $+ இரண்டும் முடிந்தவரை குறைவாகவே எடுத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் மட்டும் ஒவ்வொரு துண்டாக நீட்டும். பொருந்தியவை இடமிருந்து வலமாக $1, $2, $3 என்று வலப்பக்கத்தில் கிடைக்கும்.

ஒரு விதி பொருந்தினால் வலப்பக்கம் சொல்வதுபோல் முகவரி மாற்றி எழுதப்படும். பிறகு அடுத்த விதிக்குப் போகாமல் அதே விதியே மறுபடி முயலப்படும். பொருந்தாமல் போகும்வரை இது தொடரும். $: என்ற குறி வலப்பக்கத்தின் தொடக்கத்தில் இருந்தால் மட்டுமே ‘ஒருமுறை மாற்றியதோடு அடுத்த விதிக்குப் போ’ என்று பொருள். ‘என்றால்’, ‘வரை’ போன்ற சொற்களே இல்லாத இந்த மொழியில் சுழற்சி என்பது எழுதப்படுவதில்லை. $: இல்லாத இடமெல்லாம் சுழற்சிதான். சென்ட்மெயிலோடு வரும் மூன்றாம் விதித்தொகுப்பில் @ குறி உள்ள முகவரிகளைக் கையாளும் மூன்று வரிகள் இதற்கு அருமையான பாடம்:

ஆர்$+ @ $+ → $: $1 < @ $2 >
ஆர்$+ < $+ @ $+ > → $1 $2 < @ $3 >
ஆர்$+ < @ $+ > → $@ $>96 $1 < @ $2 >

மூன்று வரிகளின் நோக்கம், போகவேண்டிய கணினியின் பெயரைக் கோண அடைப்புக்குள் வைப்பது. பிற விதிகள் அதன்பின் அடைப்புக்குள் மட்டும் பார்த்தால் போதும். அ@ஆ@இ என்ற வில்லங்கமான முகவரியைக் கொடுத்துப் பார்ப்போம். முதல் விதியில் $+ குறைவாகவே எடுப்பதால் $1 என்பது அ, $2 என்பது ஆ@இ. விளைவு அ < @ ஆ @ இ >. இங்கே $: இல்லாதிருந்தால் என்ன ஆகும்? அதே விதி இந்த விளைவுக்கும் பொருந்தும்: ‘அ <’ முதல் பகுதியாகவும் @ குறிக்குப் பின் உள்ளதெல்லாம் இரண்டாம் பகுதியாகவும் ஆகி, அடைப்புக்குள் அடைப்பாக வளர்ந்துகொண்டே போகும். ஆகவே அந்த $: அலங்காரம் அன்று.

இரண்டாம் விதியில் $: இல்லை, அது மறதியும் அன்று. அடைப்புக்குள் இன்னொரு @ இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இருக்கிறது, எனவே அடைப்பு வலப்பக்கம் நகர்ந்து அ @ ஆ < @ இ > ஆகிறது. மறுபடி முயல்கிறது, அடைப்புக்குள் ஒரே ஒரு @ மட்டுமே இருப்பதால் பொருந்தவில்லை, சுழற்சி தானாக நிற்கிறது. பத்து @ இருந்தாலும் இந்த ஒரே வரி அடைப்பைக் கடைசி @ வரை தள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றாம் வரி, முடிந்த முகவரியை 96-ஆம் விதித்தொகுப்புக்குக் கொடுத்து, அது தருவதை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. $> என்பது இன்னொரு தொகுப்பை அழைக்கும் குறி.

இதே தொகுப்பில் சற்றுக் கீழே @ இல்லாமல் % மட்டும் உள்ள முகவரிகளுக்கான வரிகள் இருக்கின்றன. எனக்கு எப்போதும் பிடித்தமானவை அவை:

ஆர்$* % $* → $1 @ $2
ஆர்$* @ $* @ $* → $1 % $2 @ $3

கடைசி % குறியை மட்டும் @ ஆக்க வேண்டும். ‘கடைசி’ என்று சொல்ல இந்த மொழியில் வழியில்லை. பொருத்தம் எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கும். ஆகவே முதல் வரி சுழன்று சுழன்று எல்லா % குறிகளையும் @ ஆக்கிவிடுகிறது. இரண்டாம் வரி, இரண்டு @ இருக்கும்வரை முதலாவதை மறுபடி % ஆக்கிக்கொண்டே வருகிறது. மிஞ்சுவது கடைசி @ ஒன்றுதான்.

இப்போது மற்ற இடங்களில் $@ , $: இரண்டின் பொருளைச் சொல்லிவிடலாம். கடிதத்தை யார் கொண்டுசேர்ப்பது என்று முடிவாகும் வரி இப்படி இருக்கும்:

ஆர்$* < @ $* > $* → $#இஎஸ்எம்டிபி $@ $2 $: $1 < @ $2 > $3

வலப்பக்கம் $# என்று தொடங்கினால் அது முடிவுரை: எந்த மெயிலர், எந்தக் கணினி, எந்தப் பயனர் என்ற மூன்று விடைகள். $# பின்னால் மெயிலரின் பெயர் (இங்கே இஎஸ்எம்டிபி, கடிதத்தை வலைவழியே வேறு கணினிக்குக் கொண்டுசெல்வது). அதையடுத்த $@ கணினியைப் பிரித்துக் காட்டும் குறி. $: பயனரைப் பிரித்துக் காட்டும் குறி. இங்கே $@ வெளியேறச் சொல்லவில்லை, $: ஒருமுறை மட்டும் என்றும் சொல்லவில்லை. தேடுபட்டியலைக் கேட்கும் $( , $) அடைப்புக்குள் வந்தாலோ $@ கூடுதல் தகவலைத் தருவதற்கும், $: பட்டியலில் கிடைக்காவிட்டால் எதை வைத்துக்கொள்வது என்று சொல்வதற்கும் பயன்படுகின்றன. ஆக $@ குறிக்கு நான்கு பொருள், $: குறிக்கு மூன்று. வாசிக்கும்போது முதலில் டேப்பைக் கண்டுபிடித்து இடம், வலம் பிரியுங்கள். பிறகு வலப்பக்கத்தின் முதல் குறியைப் பாருங்கள். அது $# தானா என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டேப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரிப்பது டேப் மட்டுமே. வலப்பக்கத்துக்குப் பின் இன்னொரு டேப் வந்தால் மீதி வெறும் குறிப்புரை. பல இடைவெளிகள் சேர்ந்தாலும் டேப் ஆகாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது டேப்புகள் இடைவெளிகளாகிவிடும்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நானும் ஒரு மாலைப் பொழுதை முழுக்க இப்படி இழந்திருக்கிறேன். டேப்பே இல்லாவிட்டால் ‘டேப் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று சென்ட்மெயில் சொல்லிவிடும். அது நல்ல நிலை. மோசமான நிலை எதுவென்றால், முதல் டேப் இடைவெளியாகி, குறிப்புரைக்கு முன்னுள்ள டேப் மட்டும் தப்பிவிடுவது: அப்போது விதி முழுவதும் இடப்பக்கமாகவும், குறிப்புரை வலப்பக்கமாகவும் வாசிக்கப்படும். கேட் கட்டளைக்கு -விடி சேர்த்துக் கோப்பைப் பார்த்தால் டேப் உள்ள இடமெல்லாம் ^ஐ என்று தெரியும்.

அடுத்து, விதிகளைக் கண்ணால் மட்டும் படிக்காமல் ஓட்டிப் பாருங்கள். கோப்பின் நகலொன்றை எடுத்து, பெரிய சி எழுத்துத் தேர்வால் அந்த நகலைச் சுட்டி, -பிடி தேர்வோடு சென்ட்மெயிலைத் தொடங்கினால் கடிதம் எதுவும் போகாது. முகவரியைச் சோதிக்கும் நிலை திறக்கும். அங்கே 3,0 என்று (மூன்றாம் தொகுப்பு, பிறகு மெயிலரைத் தீர்மானிக்கும் சுழியத் தொகுப்பு) எழுதி இடைவெளி விட்டு முகவரியைத் தந்தால், ஒவ்வொரு தொகுப்புக்கும் உள்ளே போனதும் வெளியே வந்ததும் வரிவரியாகத் தெரியும். மூன்றாம் தொகுப்பு தானாக இயங்காது என்று அந்த நிலையின் முதல் வரியே எச்சரிக்கிறது. 3 என்பதை விட்டுவிட்டு வெறும் 0 கொடுத்தால் அடைப்பு போடாத முகவரி உள்ளே போய், உண்மையில் நடக்காத ஒன்றை விடையாகக் காட்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க -டி21.12 என்று கொடுங்கள். எந்த விதி முயலப்பட்டது, எது பொருந்தியது, எது தோற்றது என்பதெல்லாம் வரும்.

இனி அவர் சேர்த்த வரி:

ஆர்$+ < @ $+ . கல்லூரி . > → $1 < @ அஞ்சல் . $2 . கல்லூரி . >

மணி@இயற்பியல்.கல்லூரி என்ற முகவரி அஞ்சல்.இயற்பியல்.கல்லூரி என்று மாறவேண்டும் என்பது அவர் எண்ணம். மாறும், ஆனால் மாறிய முகவரிக்கும் இடப்பக்கம் பொருந்துகிறது, $2 இப்போது அஞ்சல்.இயற்பியல். அடுத்த சுற்றில் அஞ்சல்.அஞ்சல்.இயற்பியல். ஒரே விதி 100 முறைக்கு மேல் சுழன்றால் சென்ட்மெயில் தானே நிறுத்திப் பிழை சொல்லும். அவர் கண்டது அதுதான். இறுதியில் உள்ள புள்ளியை அவர் பக்கத்து வரியைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அது சரியே: கணினிப் பெயர் டிஎன்எஸ் எனப்படும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டு முழுமையானது என்பதற்கு அந்தப் புள்ளி அடையாளம். அதை விட்டுவிட்டால், சரிபார்க்கப்பட்ட முகவரிகளுக்கு விதி பொருந்தாது.

வலப்பக்கத்தின் தொடக்கத்தில் $: சேர்த்தால் பிழைச் செய்தி மறையும், ஆனால் சிக்கல் தீராது. அவர் வரியைச் சேர்த்த மூன்றாம் தொகுப்பு ஒரு கடிதத்தின் பயணத்தில் பலமுறை இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அஞ்சல் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே மாறியதை விட்டுவிடும் காவல் விதி வேண்டும். அதைத் தனித் தொகுப்பில் வைப்பது நல்லது. ஏனென்றால் $@ வெளியேறுவது தான் இருக்கும் தொகுப்பிலிருந்து மட்டுமே, அழைத்த தொகுப்பு தன் மீதி வேலையைத் தொடரும்:

எஸ்துறைமாற்று
ஆர்$+ < @ அஞ்சல் . $+ > → $@ $1 < @ அஞ்சல் . $2 >
ஆர்$+ < @ $+ . கல்லூரி . > → $@ $1 < @ அஞ்சல் . $2 . கல்லூரி . >

அழைக்கும் வரி:

ஆர்$* → $: $>துறைமாற்று $1

இங்கே $* எதற்கும் பொருந்தும் என்பதால் $: இல்லாமல் எழுதவே கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவருடைய தேவைக்கு இந்த விதியே வேண்டாம். மூன்றாம் தொகுப்பில் வைத்த விதி பெறுநரை மட்டும் தொடாது. அனுப்புநர் முகவரியும் தலைப்பில் உள்ள முகவரிகளும் அதன் வழியாகவே போகின்றன. துறைக் கணினியின் பெயர் வெளியே போகும் கடிதங்களிலெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அவர் விரும்பியது முகவரியை மாற்ற அல்ல, கடிதம் போகும் வழியை மாற்ற. அதற்கு மெயிலர்டேபிள் என்ற பட்டியல் இருக்கிறது. அமைவுக் கோப்பை உருவாக்கப் பயன்படும் எம்4 மூலக் கோப்பில் அந்த வசதியை இயக்கும் ஒரு வரியை, மெயிலர் வரிகளுக்கு முன்னால் சேர்த்து, அமைவுக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும். எம்4 மேற்கோள் திறப்பதற்குச் சாய்ந்த ஒற்றைக் குறியையும் மூடுவதற்கு நேர்க் குறியையும் கேட்கும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் வரும் பிழைக்கும் அந்த வரிக்கும் தொடர்பே இல்லாததுபோல் தெரியும். உருவாக்கும் முன், இப்போதுள்ள மூலக் கோப்பிலிருந்து ஒரு நகலை உருவாக்கி, இயங்கிக்கொண்டிருக்கும் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தைய பொறுப்பாளர் இயங்கும் கோப்பிலேயே கைவைத்திருந்தால் அந்தத் திருத்தங்கள் எம்4 கோப்பில் இருக்காது. புதிதாக உருவாக்கும்போது சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

பட்டியலில் எழுதவேண்டியது துறைக்கு ஒரு வரி:

இயற்பியல்.கல்லூரி → இஎஸ்எம்டிபி:[அஞ்சல்.இயற்பியல்.கல்லூரி]

சதுர அடைப்பு, அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸின் எம்எக்ஸ் பதிவை (அஞ்சலை எந்தக் கணினி ஏற்கும் என்ற குறிப்பை) தேடாமல் நேராக அந்தக் கணினிக்கே போ என்று சொல்கிறது. புள்ளியில் தொடங்கும் .கல்லூரி என்ற ஒரே வரியில், %1 என்ற இடக்குறியைக் கொண்டு எல்லாத் துறைகளையும் அடக்கவும் முடியும்; ஆனால் யாராவது அஞ்சல்.இயற்பியல்.கல்லூரி என்றே முகவரி எழுதினால் அஞ்சல் இரண்டாகிவிடும், நாம் மேலே துரத்திய அதே பிசாசு. ஏழெட்டுத் துறைகள்தாம் என்றால் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, மேக்மேப் கட்டளையால் பட்டியலைத் தொகுத்துவிடுங்கள். பிறகு சோதனை நிலையில் 3,0 கொடுத்துப் பார்த்தால், $# பின்னால் இஎஸ்எம்டிபி, $@ பின்னால் அடைப்புக்குள் துறைக் கணினி, $: பின்னால் மாறாத மணி@இயற்பியல்.கல்லூரி என்று மூன்றும் தெரிய வேண்டும்.